ஆள் இல்லாமல் போகும் கடிதம்: கம்ப்யூட்டர் தானாக இ-மெயில் அனுப்புவது எப்படி?



ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவதற்குள் செல்போனில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. இன்ன பொருள், இத்தனை கிலோ, இத்தனை ரூபாய் என்று. வங்கியில் கடன் தவணை கழிந்தால் ஒரு செய்தி. பணம் ஏறினால் ஒரு செய்தி. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியதை நம்மில் பலருக்கு முதலில் சொன்னதும் இப்படி வந்த ஒரு செய்திதான்.

"இதையெல்லாம் யாருங்க உட்கார்ந்து அனுப்புறாங்க? ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட வருதே, அவங்களுக்குத் தூக்கமே கிடையாதா?" என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. பதில் இதுதான்: யாரும் உட்கார்ந்து அனுப்புவதில்லை. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் அனுப்புகிறது. அது யார் கண்ணுக்கும் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

செல்போன் குறுஞ்செய்தியும் இ-மெயிலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. போகும் வழி வேறு, அனுப்பும் யோசனை ஒன்றுதான். இந்த இதழில் இ-மெயிலைப் பற்றிப் பேசுவோம். கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் உள்ள எந்தக் கூட்டமைப்பு அலுவலகமும் பெரிய செலவில்லாமல் இதைச் செய்யலாம். செய்வதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களும் நிறைய இருக்கின்றன.

பின்னால் ஓடும் புரோகிராம் என்றால் என்ன?

பம்ப்செட்டுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட வீடு நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தாலும் எழுந்து போய் சுவிட்ச் போட வேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள், வயலில் தண்ணீர் பாயும்.

பின்னணிப் புரோகிராமும் அதே மாதிரிதான். நாம் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும்போது, கடிதம் டைப் செய்யும்போது, அது திரையில் தெரிகிறது. நாம் தட்டினால்தான் அது நகரும். பின்னணிப் புரோகிராம் திரையில் தெரியாது. யாரும் தட்ட வேண்டாம். 'ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி காலை 7 மணிக்கு ஓடு' என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இப்படி நேரம் குறித்து வைக்கும் இடத்துக்கு டாஸ்க் ஷெட்யூலர் என்று பெயர். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதற்குப் பெயர் கிரான்.

இந்த வகைப் புரோகிராமுக்கு ஆங்கிலத்தில் 'டீமன்' என்ற பெயரும் உண்டு. பூதம் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனத்தில் 1963 வாக்கில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்தவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி அதற்கு நூறு வருடம் முன்பு, ஓயாமல் கதவைத் திறந்து மூடி அணுத்துகள்களைப் பிரிக்கும் ஒரு கற்பனைப் பூதத்தைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பூதத்தின் பெயரைத்தான் ஓயாமல் உழைக்கும் புரோகிராமுக்கு வைத்தார்கள். தவறான முகவரிக்கு நீங்கள் இ-மெயில் அனுப்பினால், 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு பதில் திரும்பி வரும். "இது என்ன வைரஸா?" என்று பயந்து அழித்துவிடுவோர் உண்டு. பெரும்பாலும் அது தபால் பூதம். 'நீங்கள் கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லை' என்று சொல்ல வந்திருக்கிறது. அதைப் படிக்க வேண்டும். ஆனால் அதில் ஏதாவது லிங்க்கைத் தட்டச் சொன்னால் தட்டக்கூடாது.

கடிதம் எப்படிப் போகிறது?

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு வலைப்பின்னல் வழியாக முதல் கடிதத்தை அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். வருடம் 1971. ஆளின் பெயருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கும் நடுவே 'அட்' குறியைப் போட்டவரும் அவரே. பிறகு 1982-ல் ஜான் போஸ்டல் என்பவர் கடிதம் கைமாறும் முறையை ஒழுங்காக எழுதி வெளியிட்டார். அந்த முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். இன்றைக்கும் உலகம் முழுவதும் இ-மெயில் கைமாறுவது அந்த முறையின் வழியில்தான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல்.

எஸ்.எம்.டி.பி. என்றால் பயப்பட வேண்டாம். தபால் ஆபீஸ் ஜன்னலில் நடக்கும் பேச்சு மாதிரிதான்.

நம் புரோகிராம் முதலில், "வணக்கம், நான் இன்ன கம்ப்யூட்டர்" என்று சொல்லும். தபால் கம்ப்யூட்டர் "சரி, சொல்லு" என்னும். "இந்தக் கடிதம் இன்னாரிடமிருந்து" என்று அடுத்து சொல்லும். "சரி." "இது இன்னாருக்குப் போக வேண்டும்." "சரி." "இதோ விஷயம்" என்று முழுக் கடிதத்தையும் கொடுக்கும். கடைசியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் 'முடிந்தது' என்று அர்த்தம். "வாங்கிக்கொண்டேன்" என்று பதில் வரும்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மூன்று இலக்க எண் உண்டு. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

• 2-ல் தொடங்கினால், சரி, ஏற்றுக்கொண்டேன்.
• 4-ல் தொடங்கினால், இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா.
• 5-ல் தொடங்கினால், முடியாது. திரும்ப வந்தும் பயனில்லை. 550 வந்தால் பெரும்பாலும் அந்தப் பெயரில் பெட்டியே இல்லை என்று பொருள்.

4 வந்தால் தபால் கம்ப்யூட்டர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். நாலைந்து நாள் பார்த்தும் போகாவிட்டால்தான் 'முடியவில்லை' என்று திருப்பி அனுப்பும். 5 வந்தால் உடனே திருப்பிவிடும். அந்தத் திருப்பியனுப்பும் வேலையைத்தான் மெயிலர் டீமன் செய்கிறது.

நம் கூட்டமைப்புக்கு இது எதற்கு?

ஒரு கூட்டமைப்பில் 20 குழு, குழுவுக்கு 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 300 உறுப்பினர். ஒவ்வொருவருக்கும் இந்த மாதம் கட்டிய சேமிப்பு, உள்கடன் பாக்கி, வட்டி, அடுத்த தவணைத் தேதி இதையெல்லாம் எழுதிக் கொடுக்க ஆளுக்கு 4 நிமிடம் ஆனால் 1,200 நிமிடம். அதாவது 20 மணி நேரம். கணக்காளர் அக்காவுக்கு முழுசாக மூன்று நாள் வேலை. அதனால்தான் பல இடங்களில் அது நடப்பதே இல்லை. கணக்கு நோட்டு ஊக்குநர் வீட்டில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்குத் தன் கணக்கு தெரியாமலே வருடம் ஓடிவிடும். சண்டை வருவது அங்கேதான்.

இதை மாற்றத்தான் நபார்டு வங்கி 'இ-சக்தி' என்ற திட்டத்தை 2015-ல் தொடங்கியது. முதலில் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் நடத்திப் பார்த்தார்கள். குழுக்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றிய கணக்கின்படி உறுப்பினருக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்தி போகும் ஏற்பாடும் அதில் இருந்தது. 'உங்கள் சேமிப்பு இவ்வளவு, கடன் இவ்வளவு' என்று. பிறகு அதைப் பல மாநிலங்களுக்கு விரித்தார்கள்.

இதில் முக்கியமான விஷயம் வேகம் அல்ல. கணக்கு நோட்டில் எழுதியது உறுப்பினரின் கைக்கு நேராகப் போகிறது. நடுவில் யாரும் மாற்ற முடியாது. 200 ரூபாய் கொடுத்தவருக்கு 100 என்று செய்தி வந்தால் மறுநாளே கேட்டுவிடுவார். தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்த பிறகு, வாங்காத பொருளுக்குச் செய்தி வருகிறது என்று பல ஊர்களில் மக்கள் புகார் செய்தார்கள் அல்லவா? அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் அந்தப் புகாரே எழுந்திருக்காது. தானாகப் போகும் கடிதம் நல்ல சாட்சி.

என்னென்ன வேண்டும்?

ஐந்தே விஷயம்தான்.

1. பட்டியல்: யார் யாருக்கு, எந்த முகவரிக்கு. ஒரு எக்செல் தாள் போதும்.

2. கடிதத்தின் வாசகம்: பெயர், தொகை, தேதி ஆகிய இடங்களைக் காலியாக விட்டு எழுத வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, உறையில் மட்டும் பெயர் எழுதுகிறோமே, அதுபோல. காலி இடங்களைப் புரோகிராம் நிரப்பிக்கொள்ளும்.

3. அனுப்பும் கணக்கு: கூட்டமைப்பின் பெயரில் தனியாக ஒரு இ-மெயில் கணக்கு. ஊக்குநரின் சொந்தக் கணக்கு வேண்டாம். அவர் பொறுப்பு மாறினால் எல்லாம் சிக்கலாகிவிடும்.

4. நேரம்: எந்தத் தேதி, எத்தனை மணி.

5. குறிப்பேடு: எது போனது, எது போகவில்லை என்று புரோகிராம் தானே எழுதி வைக்கும் ஒரு ஃபைல். ஆங்கிலத்தில் 'லாக்' என்பார்கள். நமக்குத் தீர்மான நோட்டு எப்படியோ, அதற்கு இது அப்படி.

புரோகிராமை எழுத கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளிடம் சொல்லலாம். நம் உறுப்பினர்களின் பெண்களே எத்தனையோ பேர் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் திருச்சியிலும் படிக்கிறார்கள். சிறிய புரோகிராம்தான். ஆனால் "செஞ்சு கொடுத்துட்டேன் அத்தை" என்று அந்தப் பெண் போனபிறகு, அதை நடத்தப்போவது நாம்தான். எனவே எங்கே தடுக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கெங்கே தடுக்கும்?

கரண்ட்: காலை 7 மணிக்கு ஓட வேண்டிய புரோகிராம், அந்நேரம் கரண்ட் இல்லாவிட்டால் ஓடாது. கரண்ட் வந்த பிறகு 'விட்டுப்போன வேலையைச் செய்' என்று தனியாகச் சொல்லி வைத்திருந்தால்தான் செய்யும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை நாம் மறக்க முடியாது. கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் நாள்கணக்கில் இருட்டு. செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நாளில் எந்தப் பூதமும் உதவாது. ஆகையால் கையால் எழுதும் நோட்டை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

இரட்டைக் கடிதம்: 300 பேரில் 140 பேருக்குப் போனபின் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி ஓட்டினால் என்ன ஆகும்? முதலிலிருந்து தொடங்கும். அந்த 140 பேருக்கும் இரண்டாவது தடவை போகும். 'கடன் பாக்கி கட்டவும்' என்று ஒரே நாளில் இரண்டு தடவை வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு கடிதம் போனதும் அந்தப் பெயருக்கு எதிரே 'போனது' என்று குறித்துவிட வேண்டும். மறுபடி ஓடும்போது குறிப்பில்லாத 160 பேருக்கு மட்டும் போகும். நெல் மூட்டை எண்ணும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு போடுகிறோம் அல்லவா? அதே வேலைதான்.

பாஸ்வேர்டு: பழைய நாளில் இ-மெயில் பாஸ்வேர்டை அப்படியே புரோகிராமுக்குள் எழுதி வைப்பார்கள். அது ஆபத்து. அந்த ஃபைலைப் பார்த்தவர் யாரும் நம் பெட்டியைத் திறந்துவிடலாம். கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வெளிப் புரோகிராம்கள் நுழைவதை நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதில் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, அந்தப் புரோகிராமுக்கு மட்டும் 16 எழுத்தில் ஒரு தனிச் சாவி வாங்கலாம். வீட்டுச் சாவி நம் இடுப்பில் இருக்கும், மாட்டுக்கொட்டகைச் சாவியை மட்டும் ஆளிடம் கொடுப்பது போல. சந்தேகம் வந்தால் அந்தச் சாவியை மட்டும் செல்லாததாக்கிவிடலாம்.

குப்பைப் பெட்டி: நீங்கள் அனுப்பியது போகும், ஆனால் அவர் பார்க்கும் இடத்தில் இருக்காது. 'ஸ்பேம்' என்ற குப்பைப் பெட்டிக்குள் கிடக்கும். கேட்காத விளம்பரக் கடிதம் இன்று நேற்று வந்ததல்ல. 1978 மே 3-ல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுதான் முதல் குப்பைக் கடிதம் என்பார்கள். அதிலிருந்து தபால் கம்ப்யூட்டர்கள் உஷாராகிவிட்டன. ஒரே கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் நிறையப் போனால் சந்தேகப்படும். கட்டணமில்லாத ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 கடிதம் என்று வரம்பு உண்டு. நம் 300 அதற்குள் அடங்கும். ஆனாலும் ஒரே மூச்சில் அனுப்பாமல் இடைவெளி விட்டு அனுப்புவது நல்லது.

நாளைக்குக் கூட்டமைப்பு சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கினால், 'இந்தக் கம்ப்யூட்டர் எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப அனுமதி உண்டு' என்று பொதுவில் பதிவு செய்து வைக்க வேண்டும். கடிதத்தில் ஒரு மறைமுத்திரையும் குத்த வேண்டும். தலைவி கையெழுத்தும் சீலும் இல்லாத தீர்மானத்தை வங்கி மேனேஜர் வாங்குவாரா? அது மாதிரிதான். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவற்றையெல்லாம் கட்டாயமாக்கிவிட்டது.

சத்தமில்லாத பழுது: எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோதும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டுவிடும். சும்மா ஓடி ஓடி காயில் கருகும். காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பின்னணிப் புரோகிராம் நின்றுபோனால் கருகிய வாடைகூட வராது. மூன்று மாதம் கழித்து "எனக்கு லெட்டரே வரலியே" என்று ஒருவர் கேட்கும்போதுதான் தெரியும். எனவே ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும், 'மொத்தம் 300, போனது 291, போகாதது 9' என்று ஊக்குநருக்கும் கணக்காளருக்கும் ஒரு கடிதம் வர வேண்டும். 5-ஆம் தேதி அந்தக் கடிதம் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று புரிந்துகொள்ளலாம். போகாத 9 பேருக்குக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இது யாருடைய முகவரி?

இங்கேதான் பெண்களுக்கான முக்கியமான விஷயம் வருகிறது. குழுப் பதிவேட்டில் உள்ள செல் நம்பர்களையும் இ-மெயில் முகவரிகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை நம் கையில் உள்ள போன்? எத்தனை வீட்டுக்காரருடையது? எத்தனை வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது?

உறுப்பினரின் உள்கடன் விவரம் வேறொருவர் போனுக்குப் போவது சின்ன விஷயமல்ல. மகளின் படிப்புக்காகவோ, ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ வீட்டில் முழுசாகச் சொல்லாமல் வாங்கிய கடன் இருக்கலாம். நகையை மீட்க வாங்கியதாக இருக்கலாம். காலம் பார்த்துச் சொல்ல வேண்டியதை கம்ப்யூட்டர் 7 மணிக்குப் போட்டு உடைத்துவிடும். நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாத நம்பரை செல்போன் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படியானால் நம் கணக்கு முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்த அவரது சம்மதத்தை முக்கியமாகச் சொல்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, நம்ம பெண்களுக்காகவே நாம் சில வழக்கங்களை வைத்துக்கொள்வோம்.

• ஒவ்வொரு உறுப்பினரிடமும் நேரில் கேளுங்கள்: "உங்களுக்கு வரணுமா? எந்த நம்பருக்கு, எந்த முகவரிக்கு?" வேண்டாம் என்றால் வேண்டாம்.
• 15 பேரின் முகவரியையும் ஒரே கடிதத்தில் வரிசையாகப் போடாதீர்கள். எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருக்கு ஒரு கடிதம்.
• ஒருவர் பாக்கி இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. கூட்டத்தில் பேசுவது வேறு, கடிதத்தில் சுற்றுவது வேறு.
• மேல் வரியில், தலைப்பில், தொகை எதையும் எழுத வேண்டாம். போன் பூட்டியிருந்தாலும் தலைப்பு வெளியே தெரியும். 'இம்மாதக் குழுக் கணக்கு' என்று போட்டால் போதும்.

திருடனுக்கும் இதே கருவிதான்

நமக்கு உதவும் அதே மாதிரிப் புரோகிராம்தான் ஏமாற்றுக்காரர்களுக்கும் உதவுகிறது. லட்சம் பேருக்கு 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று ஒரே நிமிடத்தில் அனுப்புவார்கள். நூறில் ஒருவர் பயந்து தட்டினாலும் அவர்களுக்கு லாபம்.

அதனால் கூட்டமைப்பு அனுப்பும் கடிதத்தில் எந்த லிங்க்கும் இருக்காது, ஓ.டி.பி. கேட்க மாட்டோம், பணம் அனுப்பச் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே எல்லாக் குழுவிலும் சொல்லிவிடுங்கள். பிறகு நம் பெயரில் வேறு மாதிரி ஒரு கடிதம் வந்தால் அது போலி என்று உடனே தெரியும்.

வங்கிக் கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போனதாகச் செய்தி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் அனுப்பிய சுற்றறிக்கையில், வாடிக்கையாளரின் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியாரால் பணம் போயிருந்து, செய்தி வந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளர் நஷ்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தது. நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் இது பொருந்தாது. இப்போதுள்ள விதி என்ன என்று உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி வந்த நேரத்திலிருந்துதான் நாள் எண்ணுவார்கள். எனவே செய்தி வரும் போன் நம் கையில் இருக்க வேண்டும் என்பது பணத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அறுவடைக்கு நின்ற சம்பா பருவம் தவறிய மழையில் சாய்ந்தது. தண்ணீரில் கிடந்த கதிர் முளைத்தது. நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், 17 சதவீதம் என்பது ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு. அந்த வாரத்தில் ஒருத்தி, முழங்கால் தண்ணீரில் நின்று கதிரை அரிந்துகொண்டிருக்கும்போது, 'தங்கள் தவணை நாளை. தவறினால் அபராதம்' என்று ஒரு கடிதம் வந்தால் அவள் மனசு எப்படி இருக்கும்?

கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அதற்கு மழை தெரியாது. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தார்களா இல்லையா, கடைமடைக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. வீட்டில் துக்கம் என்று தெரியாது. சொன்ன தேதியில் சொன்னதை அனுப்பும், அவ்வளவுதான். குழு என்பது அதையெல்லாம் தெரிந்தவர்கள் கூடுகிற இடம். தவணை கட்ட முடியாதவரைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கவும், "அடுத்த மாசம் சேத்துக் கட்டு" என்று சொல்லவும், தீர்மானம் போட்டு அவகாசம் கொடுக்கவும் நம்மால்தான் முடியும். அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால் நமக்கும் வட்டிக்கு விடும் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

இதற்கும் வழி இருக்கிறது. கடிதம் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, யாருக்கு என்ன போகப்போகிறது என்ற பட்டியல் ஒவ்வொரு ஊக்குநருக்கும் வர வேண்டும். அவர் பார்த்து, தேவையானால் ஒரு பெயருக்கு எதிரே 'இம்மாதம் வேண்டாம், நேரில் பேசுகிறேன்' என்று குறிக்க வேண்டும். அந்தப் பெயருக்குப் புரோகிராம் அனுப்பாது. வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடும். ஆனால் மதகுப் பலகையைப் போடவும் எடுக்கவும் ஆள் நிற்க வேண்டும் அல்லவா?

வாசகத்தையும் யோசித்து எழுதுங்கள். 'உடனே கட்டவும், தவறினால் நடவடிக்கை' என்று எழுதாமல், 'அன்புள்ள சகோதரி, இம்மாதம் உங்கள் சேமிப்பு 200 ரூபாய் வரவாகியுள்ளது. உள்கடன் பாக்கி 4,500 ரூபாய். கணக்கில் ஏதும் வித்தியாசம் இருந்தால், அல்லது தவணையில் சிரமம் இருந்தால், கூட்டத்துக்கு முன் ஊக்குநரிடம் சொல்லுங்கள்' என்று எழுதலாம். முதலில் வரவைச் சொல்லி, பிறகு பாக்கியைச் சொல்வது மரியாதை. படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு, கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது தனியாகப் படித்துக் காட்ட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் கூட்டமைப்புக்கு மாதக் கணக்குக் கடிதம் வேண்டுமா? எந்தத் தேதியில்?
2. உறுப்பினர் சம்மதமும் சரியான முகவரியும் வாங்கும் பொறுப்பு எந்தக் குழுவில் யாருக்கு?
3. கூட்டமைப்பின் இ-மெயில் கணக்குக்கு பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கும்? குறைந்தது இருவர். பொறுப்பு மாறும் அன்றே பாஸ்வேர்டும் மாற வேண்டும்.
4. 'போனது, போகாதது' கடிதத்தை யார் பார்ப்பது? போகாதவருக்கு எத்தனை நாளுக்குள் கையால் எழுதிக் கொடுப்பது?
5. நிறுத்தி வைக்கும் உரிமை ஊக்குநருக்கு உண்டு என்று தீர்மானம்.
6. முதல் மாதம் ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது. நோட்டோடு ஒத்துப் பார்த்து, பைசா சுத்தமாக இருந்தால் மற்ற குழுக்களுக்கு.

இதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்த பிறகு கம்ப்யூட்டரைத் தொடலாம். நோட்டில் கணக்கு தப்பாக இருந்தால், தப்புக் கணக்கையே கம்ப்யூட்டர் 300 பேருக்கும் வேகமாக அனுப்பும். ஆகையால் இந்த மாதக் கூட்டத்திலேயே தொடங்க வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு உறுப்பினரின் பாஸ்புக்கையும் குழுப் பேரேட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பதுதான்.